இருபத்தொரு இலக்கம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அதனால் கேட்கவில்லை. வேளைக்குத் தூங்கு.

போன வாரம் முழுக்க ஒரே எண்ணோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு: 147573952589676412927. உனக்குத் தெரியாததா! மெர்சென் பாதிரியார் 1644-இல் இதைப் பகா எண் என்று பட்டியலில் சேர்த்துவிட்டுப் போனார். 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், பகு எண்தான் என்று நிரூபித்தார். ஆனால் காரணி ஒன்றுகூட அவர் கையில் இல்லை. உடைகிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அந்த மனுஷனின் நிலைமை எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் வாயே திறக்காமல் 193707721-ஐயும் 761838257287-ஐயும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாராம். கண்டுபிடிக்க மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயிற்றாம். அதை யாரும் தாமதம் என்று சொல்லவில்லை. சும்மா சொன்னேன். மற்ற நாளெல்லாம் அவரும் தூங்கித்தான் இருப்பார். நீயும் தூங்கு.

நானும் கையால் பெருக்கிப் பார்த்தேன். 193707721-இல் ஏழு மூன்று தடவை வருவதால் ஒரே வரியை மூன்று முறை எழுதினால் போதும், சுகம். கூட்டி முடித்து, நம் பழைய வழக்கப்படி இலக்கங்களைக் கூட்டி ஒன்பது கழித்துச் சரிபார்த்தேன். இரண்டு காரணிக்கும் மீதி ஒன்று, விடைக்கும் ஒன்று. கச்சிதம். ஆனால் விடை தப்பு! நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்துக்கு இடம் விட மறந்திருக்கிறேன். வரி இடம் தள்ளிப் போனால் அந்தச் சோதனை கண்டுகொள்ளாது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது இப்போதுதான் உறைக்கிறது. நீயும் போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய். நானும் சரி என்று வைத்துவிடுகிறேன்.

என் மகள் எண் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறேன். எப்போது முடியும் என்கிறார்கள். நீ ஒரு வரி எழுதியிருந்தால் என்னிடமும் ஒரு பதில் இருந்திருக்கும்.

சரி, அதை விடு. 2047 நினைவிருக்கிறதா? அன்று பெரியப்பா முன்னால் பெருமையாகச் சொன்னேன்: 11 பகா எண், ஆகவே இரண்டின் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தாலும் பகா எண்தான் என்று. நீ எட்டாம் வகுப்பு. "23 பெருக்கல் 89, அப்பா" என்றாய். பெருக்கிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, நீ சொன்னதுதான் சரி என்று. ஆனாலும் "வழி எங்கே?" என்று கத்தி நோட்டைத் தூக்கி எறிந்தேன். அதற்கப்புறம் நீ எந்த நோட்டையும் என்னிடம் கொண்டுவரவில்லை. தப்பு என்னுடையது. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த 23-ஐ எப்படிப் பிடித்தாய்? எல்லாப் பகா எண்ணாலும் வரிசையாக வகுத்துப் பார்த்தாயா, வேறு ஏதாவதா? இந்தத் தடவை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா