டோரதி தாமஸ் அம்மாவுக்கு ஒரு தையல்காரியின் கடிதம்

அன்புள்ள டோரதி தாமஸ் அம்மா,

நீங்கள் வாழ்ந்து முன்னூறு வருடம் ஆகிவிட்டது. நான் பிறந்தது சோழமண்டலக் கரையில், இப்போது குடியிருப்பது இங்கிலாந்தின் தென்கரையில். வாரநாள் முழுக்க அலுவலகம், சனி ஞாயிறு தையல். தைப்பதெல்லாம் உங்கள் காலத்து மாலுமிகளின் உடைகள். அவற்றைப் போட்டுக்கொண்டு எங்கள் குழு கடற்கரை விழாக்களுக்குப் போகும். கூடாரம் அடிப்போம், விறகு மூட்டிச் சமைப்போம், பொய்ச் சண்டை போடுவோம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் காலத்துக் கடற்கொள்ளையர் என்ன சாப்பிட்டார்கள், என்ன உடுத்தினார்கள் என்று சொல்லுவோம். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நாங்கள் உங்களுக்குப் பெரிய கடன் பட்டிருக்கிறோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த வருடம் செய்ய நினைத்திருக்கும் ஒரு காரியத்தையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கூடவே படிக்கிறவர்களுக்காக உங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1720-இல் ஜமைக்காவின் வடகரையோரம், பொருள்களும் உணவுச் சாமான்களும் ஏற்றிய ஒரு தோணியில் போய்க்கொண்டிருந்தீர்கள். கடற்கொள்ளைத் தலைவன் ஜான் ராக்கமின் கப்பல் வந்து மடக்கியது. சாமான்களில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டார்கள். அந்தக் கப்பலில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஆன் போனி, மேரி ரீட். ராக்கம் பிடிபட்டு நவம்பர் 18-ஆம் தேதி தூக்கில் தொங்கினான். பத்து நாள் கழித்து, நவம்பர் 28-ஆம் தேதி, ஜமைக்காவின் செயின்ட் ஜாகோ டி லா வேகா நகரத்தில் அந்தப் பெண்கள் மீதான விசாரணை. ஆளுநர் நிக்கலஸ் லாஸ் முன்னிலையில் நீங்கள் சாட்சி சொன்னீர்கள். இருவரும் ஆண்களின் ஜாக்கெட்டும் நீளக் கால்சட்டையும் போட்டிருந்தார்கள், தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், ஆளுக்கொரு வெட்டுக்கத்தியும் கைத்துப்பாக்கியும் கையில் வைத்திருந்தார்கள் என்றீர்கள். மார்பைப் பார்த்துத்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னீர்கள். உங்களை விட்டால் பின்னால் தங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வீர்கள், அதனால் கொன்றுவிடுங்கள் என்று அவர்கள் ஆண்களைத் திட்டி ஏவியதையும் சொன்னீர்கள்.

ஜாக்கெட், நீளக் கால்சட்டை, கைக்குட்டை. இந்த மூன்று சொல்லின் அருமை தைக்கிறவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

ஏனென்றால் சாதாரண மாலுமியின் துணி மிஞ்சுவது மிக அபூர்வம். உடம்பில் கிழியும் வரை போடுவான், ஒட்டுப்போடுவான், அதற்குப் பிறகு அது கந்தல். பிரபுக்களின் பட்டுக் கோட்டுகள் கண்ணாடிப் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. துடுப்புப் போட்டவனின் சட்டைக்குப் பெரும்பாலும் அந்தக் கொடுப்பினை கிடையாது. ஓவியங்களையும் நம்ப முடியவில்லை. 1724-இல் லண்டனில் ஒரு கொள்ளையர் வரலாறு அச்சாகி வந்தது. அடுத்த வருடமே அதன் டச்சுப் பதிப்பில் ஆன், மேரி இருவரையும் சட்டையைத் திறந்துவிட்டு மார்பு தெரியும்படி வரைந்துவிட்டார்கள். வரைந்தவன் அவர்களைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்தீர்கள். உயிர் போய்விடும் என்ற பயத்திலும் உடையைக் கவனித்து, மனதில் வைத்திருந்து, நீதிமன்றத்தில் சொன்னீர்கள். அதே விசாரணையில் சாட்சி சொன்ன இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் உங்களுக்கு வலு சேர்த்தார்கள். வேறு கப்பலைத் துரத்தும்போதும் தாக்கும்போதும் ஆண் உடை, மற்ற நேரத்தில் பெண் உடை என்றார்கள். ஆக, ஊர்க் கண்ணிலிருந்து தப்பப் போட்ட மாறுவேடமாக எனக்கு அது தெரியவில்லை. வேலைக்கு வசதியான உடுப்பு, அவ்வளவுதான்.

நான் முதலில் தைத்தது அந்த ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் சட்டையை. லினன் துணி, எல்லாமே சதுரமும் செவ்வகமும்தான். உடல் பகுதிக்கு ஒரே நீளத் துண்டு. அதைத் தோளில் மடித்து, கழுத்துக்கு வெட்டு விடவேண்டும். கைக்கு இரண்டு செவ்வகம், தோளிலும் மணிக்கட்டிலும் சுருக்கு வைத்துப் பிடிக்கவேண்டும். கை தூக்கும்போது இழுக்காமல் இருக்க அக்குளில் ஒரு சதுரத் துண்டு. வளைத்து வெட்டுவது என்பதே இல்லாததால் துணி வீணாவதில்லை. நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தைத்தால் சிக்காது, அறுந்தும் போகாது. பின்பக்கம் தொடை வரை நீளமாக விடுவார்கள், உள்ளாடைக்குப் பதில் அதையே காலிடுக்கில் மடித்துச் செருகிக்கொள்ள. உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்கு அந்த அக்குள் சதுரம் உட்கார்ந்த நாளில்தான், கயிறு இழுத்த ஒருத்தி எப்படி இந்தச் சட்டைக்குள் தாராளமாக அசைந்திருப்பாள் என்பது உடம்பிலேயே புரிந்தது. படித்தால் இது வராது.

ஜாக்கெட்டின் நிறத்தையும் பட்டனையும் நீங்கள் சொல்லவில்லை. அங்கே எங்களுக்குக் கைகொடுப்பது 1706-இல் இங்கிலாந்துக் கடற்படை மாலுமிகளுக்குத் துணி வழங்கப் போட்ட ஒப்பந்தம். அதைப் படிப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாம்பல் நிறக் கம்பளியில் ஜாக்கெட், உள்ளே சிவப்பு லைனிங், பித்தளைப் பட்டன் 15, லினன் பைகள் 2, காஜா எல்லாம் பொன்னிற நூலில். விலை 10 ஷில்லிங் 6 பென்ஸ். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட லினன் சட்டை 3 ஷில்லிங் 3 பென்ஸ். காஜா நூலின் நிறத்தைக்கூட ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்! அது கடற்படைக்காரர்களின் உடுப்பு, கொள்ளையரின் உடுப்பல்ல என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 1713-இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான மாலுமிகள் வேலை இழந்து தெருவுக்கு வந்தார்கள். கொள்ளைக் கப்பலில் ஏறியவர்களில் பலர் அவர்களும் வணிகக் கப்பல் மாலுமிகளும்தான். கொள்ளையனுக்கென்று தனித் தையற்கடை இருந்ததில்லை.

மெஷின் கூடாதா என்று கேட்பார்கள். எங்கள் குழுவில் உள்தையலை மெஷினில் ஓட்டலாம், வெளியே தெரிகிற ஓரமும் காஜாவும் கையால்தான். இன்னும் கறாரான குழுக்கள் இருக்கின்றன. அங்கே மெஷின் தையல் ஒன்றுகூட ஆகாது. என்னைக் கேட்டால், புதிதாக வருகிறவரை முதல் நாளே தையலைப் புரட்டிப் பார்த்து விரட்டக் கூடாது. ஒரு சட்டையைக் கையால் முடித்தவர் அடுத்ததைத் தானாகவே கையால் தைக்க உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் அந்தக் கைக்குட்டை. இதில்தான் என் ஊர் வருகிறது. உங்கள் காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையிலிருந்தும் பருத்தித் துணி பொதிபொதியாக லண்டனுக்குப் போனது. அங்கிருந்து கடல் கடந்து இன்னும் எங்கெங்கோ போனது. ராக்கமுக்கே காலிகோ ஜாக் என்று பட்டப்பெயர்; காலிகோ என்ற இந்தியப் பருத்தியில் ஜாக்கெட் போட்டவன் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். எங்கள் துணி இங்கே அப்படி விற்றதால், 1719-இல் லண்டன் நெசவாளர்கள் பிழைப்புப் போய்விட்ட ஆத்திரத்தில், அதை உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டது. அதனால் என் தலையில் கட்டும் துணியை மட்டும் நான் லினனில் செய்யவில்லை. பருத்தியை வாங்கிப் படிகாரத்தில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றினேன். சாயவேர் கிடைத்திருந்தால் அதில்தான் தோய்த்திருப்பேன். சோழமண்டலத்துச் சிவப்பு அதிலிருந்து வந்ததுதான். இங்கே கிடைக்கும் மஞ்சிட்டி இனத்து வேர் அதற்குப் பக்கத்தில் வருகிறது.

விழாக்களைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லவேண்டும். ஹேஸ்டிங்ஸ் என்று ஒரு கடற்கரை ஊர். 2012 ஜூலை 22 அன்று 14,231 பேர் கொள்ளையர் வேடத்தில் அங்கே ஒரே கரையில் கூடி உலக சாதனை செய்தார்கள். தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் கைக்குழந்தை எல்லாரும் வேடத்தில். டெவனில் பிரிக்ஸம் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் மே மாதத் தொடக்கத்து விடுமுறையில் விழா நடக்கும். எங்கள் குழுவுக்கு மிகவும் பிடித்த இடம் அது. வெடிமருந்துக்கு உரிமம் வேண்டும், குண்டு போடாமல்தான் சுடவேண்டும், வாளின் விளிம்பு மழுங்கியிருக்கவேண்டும், பார்வையாளருக்கும் சண்டைக்கும் நடுவே கயிறு கட்டவேண்டும். இந்த ஒழுங்குகளைக் கண்டிப்பாகப் பார்க்கிற குழுவோடுதான் நான் போவேன்.

அங்கே கூட்டத்தில் பெரும்பாலோர் போட்டிருப்பது கடையில் வாங்கிய உடுப்பு. மண்டையோடு அச்சிட்ட சட்டை, தொடை வரை ஏறும் தோல் பூட்ஸ், கண்ணில் கறுப்புத் துணி. அந்த பூட்ஸ் குதிரை ஏறுகிறவர்களுக்கானது. ஈரமான கப்பல் தளத்தில் அதோடு கயிறேணி ஏற முடியாது. ஆனால் ஒரு குழந்தை அந்த உடுப்பில் துள்ளிக்கொண்டு வரும்போது நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கையில் சட்டைத் துணியைக் கொடுத்து அக்குள் சதுரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

எனக்கு உறுத்துவது வேறு. எந்த விழாவுக்குப் போனாலும் பத்து ஆன் போனி, பத்து மேரி ரீட், எண்ணமுடியாத கேப்டன்கள். கொள்ளை கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவில் டாம்பா நகரம் 1904 முதல் ஹோசே காஸ்பார் என்ற கொள்ளையன் பெயரில் பெருவிழா எடுக்கிறது. அப்படி ஒருவன் வாழ்ந்ததே இல்லை, கற்பனை. நிஜமாகவே வாழ்ந்து, கொள்ளையடிக்கப்பட்டு, நீதிமன்றத்தில் நின்று பேசிய உங்களுக்கு ஒரு கூடாரம்கூடக் கிடையாது. 1695-இல் சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கஞ்ச்-இ-சவாய் என்ற முகலாயக் கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையனின் ஆட்கள் பிடித்தார்கள். மக்காவிலிருந்து வந்த யாத்ரீகர்களை வதைத்தார்கள், பெண்களை நாசம் செய்தார்கள். எவரியாக வேடம் போடுகிறவர்கள் அள்ளிய தங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் இந்தப் பொழுதுபோக்கை உயிராக நேசிக்கிறேன். அதனாலேயே இந்தப் பாதிக் கதை எனக்குப் பொறுக்கவில்லை.

எனவே, வருகிற மே மாதம் பிரிக்ஸமில் நான் நீங்களாக வரப்போகிறேன், அம்மா.

உள்ளே போடும் நீள லினன் அங்கியைத் தைத்து முடித்துவிட்டேன். இரண்டு பாவாடை, ஏப்ரன், கழுத்துக்கு ஒரு துணி, தலைக்கு வெள்ளைத் தொப்பி, அதன்மேல் வைக்கோல் தொப்பி. இடுப்பில் நாடாவால் கட்டி, பாவாடைக்கு அடியில் தொங்கும் பை ஒன்று. பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கையைவிட்டு எடுக்கவேண்டும். எங்கள் பாட்டிமாரின் சுருக்குப்பை மாதிரியே இருப்பதால் அதைத் தைக்கும்போது கூடுதல் பிரியம். விழாப் பெண்கள் வெளியே தெரியும்படி இறுக்கிக் கட்டும் மார்க்கச்சையை நான் உள்ளேதான் போடுகிறேன்.

குழுவில் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. விழாவுக்கு ஜனங்கள் சிரிக்க வருகிறார்கள், கொலை மிரட்டலை எதற்குக் காட்டவேண்டும் என்றார். நியாயமான கேள்விதான். குழந்தைகள் இருக்கும் மதிய நேரத்தில் தோணியை மடக்குவதும் சாமானை அள்ளுவதும் மட்டும் நடக்கட்டும், விசாரணைக் காட்சியை மாலையில் கூடாரத்துக்குள் வைப்போம் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். ஆனாகவும் மேரியாகவும் வருகிற தோழிகள் இருவரும் மனமாரச் சம்மதித்துவிட்டார்கள். தோணியைத் துறைமுகத் தண்ணீரில் இறக்க அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் கரையிலேயே வைத்து நடத்துவோம். கூடையில் கிழங்கு, வாழைக்காய், உப்புக்கண்டம் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

சாட்சி சொல்லும் இடத்தில் என் வசனம் ஒன்றும் கிடையாது. விசாரணை முடிந்த மறுவருடம் ஜமைக்காவிலேயே அச்சான ஏட்டில் உங்கள் சாட்சியம் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே சொல்லுவேன். இப்போதே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
டெவன் கரையிலிருந்து உங்கள் தையல்காரி