தாத்தாவின் ஆறாவது விரல்

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள பாப்பா,

உன் ரிப்போர்ட் வந்த பிறகு நானும் ரத்தம் கொடுத்திருந்தேன். நேற்று முடிவு வந்தது. மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று ஆபத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 மரபணுவில் உனக்கு இருக்கும் அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது. என் வழியாகத்தான் உனக்கு வந்திருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை.

"எனக்குக் கேன்சர் வரப்போகுதுப்பா" என்று போனில் சொன்னாயே, ரிப்போர்ட்டில் அப்படி இல்லை அம்மா. தாத்தாவுக்கு இடது கையில் ஆறு விரல் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இல்லை, அண்ணனுக்கும் இல்லை. ஆனால் அண்ணன் மகன் பிறந்தபோது சுண்டுவிரல் பக்கத்தில் குட்டியாக ஒன்று! ஆச்சி, "தாத்தாவே வந்துட்டாக" என்று கொண்டாடினாள். மதினி வீட்டில் யாருக்கும் அப்படிக் கிடையாது. அப்படியென்றால் ஆறாவது விரலுக்கான மரபணு மாற்றம் அண்ணனிடம் விரலாக வெளிப்படாமலே இருந்திருக்கும். மரபணுவில் இருப்பது வேறு, உடம்பில் வெளிப்படுவது வேறு.

எல்லா மாற்றமும் இப்படி இல்லைதான். மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயில், அதற்கான மரபணுவில் குறிப்பிட்ட மூன்று எழுத்துகள் 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். உன்னுடையது அந்த வகை இல்லை.

எண்ணையும் மறைக்க மாட்டேன். 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த மாற்றம் உள்ள மேலைநாட்டுப் பெண்களில் 80 வயதுக்குள் நூறில் 72 பேருக்கு மார்பகப் புற்றும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றும் வரலாம் என்று கணக்கிட்டார்கள். பெரிய எண்தான். 1994-இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்த சமயத்தில் இன்னும் கூடுதலாகச் சொன்னார்கள். வீட்டுக்கு நாலு பேர் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகப் பார்த்துக் கணக்கெடுத்ததால் அப்படி.

அத்தை 41 வயதில் போனாள். கட்டி பெரிதான பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. உனக்கு அப்படி இல்லை, முன்கூட்டியே தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்ன மாதிரி வருஷா வருஷம் எம்ஆர்ஐ ஸ்கேன், மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே இரண்டையும் விடாதே. சினைப்பையை எடுப்பது பற்றி 35 வயதுக்கு மேல் நிதானமாகப் பேசலாம். இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை.

அத்தைக்கும் இந்த மாற்றம் இருந்திருந்தால், அத்தை மகளுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அவளிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன், போனில் சொல்லும் விஷயமில்லை. அண்ணனும் ரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டான்.

வியாழக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். ஸ்கேனுக்கு நானும் உன்னோடு வருவேன். அம்மா அப்பளம் கட்டி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா