செயினைக் கழற்றிக் கழுவு

ரங்கூன்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆன செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெகுவில் மழை விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் பத்து நாளாகத் துணி காயவில்லை.

சைக்கிள் கிரீச்சிடுகிறது, எண்ணெய் ஊற்றினேன், இரண்டு நாள் அடங்கிவிட்டு மறுபடி கத்துகிறது என்கிறாய். படித்ததும் பகீரென்றது. போன மழைக்காலத்தில் நான் செய்ததும் அதுதான். வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை வாங்கி வந்து செயின் முழுக்க ஊற்றினேன். ரோட்டு மணலெல்லாம் அதில் அப்பிக்கொண்டது. தீபாவளிக்குள் பின்சக்கரத்துப் பற்கள் ஊசியாகத் தேய்ந்துபோய், செயினோடு அந்தப் பல்சக்கரத்தையும் (ப்ரீவீல்) மாற்றினேன். இங்கே ஊருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. சைக்கிள் நின்றால் என் பாடு நடைதான்.

இங்கே பன்சோடான் படகுத்துறையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டும் ஒரு பெரியவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் உருளைக்குள்ளே இருக்கிறது. ஒவ்வொரு ரிவிட்டையும் சுற்றி ஒரு குட்டி உருளை ஓடுகிறது அல்லவா, தேய்மானம் அங்கேதான். வெளித் தகட்டில் மினுங்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைக்க மட்டுமே உதவும். அவர் தினமும் காலையில் ஒரு கிழிந்த லுங்கித் துண்டால் செயினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவார். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை விடமாட்டார்.

நீ முதலில் லாக் கிளிப்பைக் குறட்டால் தள்ளிச் செயினைக் கழற்று. செயினின் இரு முனையையும் சேர்த்துப் பிடிக்கும், ஒரு பக்கம் திறந்த குட்டித் தகடுதான் அது. வண்டியிலேயே வைத்துக் கழுவினால் மண்ணெண்ணெய் அச்சுக்குள் இறங்கி கிரீஸைக் கரைத்துவிடும். பால் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, செயினைப் போட்டு மூடிக் குலுக்கு. கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கியதை விரலில் தொட்டுப் பார்: நறநறவென்று இருக்கும். அது நின்றுபோகும்வரை மண்ணெண்ணெயை மாற்று. பழைய டூத் பிரஷ் இருந்தால் பல்சக்கரத்தையும் தேய்த்துவிடு. அப்புறம் இரவு முழுக்கத் தொங்கவிடு. அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

நன்றாகக் காய்ந்தபின் உருளைக்கு ஒரு சொட்டு. நூற்றுச் சொச்சம் கண்ணி இருக்கும், பொறுமையாகப் போடு. தையல் மிஷின் எண்ணெய் வெயில் காலத்துக்குச் சரி, மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். இப்போதைக்குப் புது இன்ஜின் ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். செயினை மாட்டியபின் பெடலைச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, வெளியே இருப்பதை ஒட்டத் துடைத்துவிடு. கிளிப்பை மாட்டும்போது மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். நடுவில் விரலால் அசைத்தால் 1/2 அங்குலம் ஆடினால் சரி.

மாட்டுவதற்கு முன்னால் ஒன்று. செயினை இழுத்துப் பிடித்து ஸ்கேல் வை. ஒரு ரிவிட்டின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் ரிவிட் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 1/16 அங்குலம் தாண்டினால் செயினை மாற்றிவிடு. 1/8 தாண்டியிருந்தால் பல்சக்கரமும் போயிருக்கும்.

எவ்வளவு வந்தது என்று எழுது. புதுச் செயின் வேண்டுமானால் இங்கேயே வாங்கி, கூழ் ஊற்றும் ஞாயிறு வரும்போது கொண்டுவருகிறேன். குழந்தைக்கு உன் தங்கச்சி இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்