விற்பதற்கு முன் ஒருமுறை ஊருக்கு வா

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முட்டிவலி குறைந்திருப்பதும் பெரிய ஆறுதல். இங்கே சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்தாகிவிட்டது. இந்த வருஷம் சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம் போட்டிருக்கிறேன். அறுப்புக்கு வர அஞ்சு மாதம் ஆகும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் முழுகினாலும் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். நம் ஊர்ப் பள்ளக்காலுக்கு அதுதான் சரி.

கடைசியில் நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் இருவரும் ஊர்ப்பக்கம் திரும்பப் போவதில்லை, நிலத்தை விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

தாத்தாவுக்கு ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர். அவருடைய மூன்று பிள்ளைகளும் பாகம் பிரித்தபோது வாய்க்கால் கரையிலிருந்து வடிகால் வரைக்கும் நீளவாக்கில் மூன்றாகக் கீறினார்கள். எல்லோருக்கும் தலைமடையும் வேண்டும், தண்ணீர் வடியவும் வழி வேண்டும் என்ற நியாயம்தான். கையால் நட்டு, அரிவாளால் அறுத்த காலத்துக்கு அது பொருந்தியது. பெரியப்பா பங்கை அவர் பிள்ளைகள் மறுபடியும் அதே நீளவாக்கில் பிரித்துக்கொண்டார்கள். இப்போது அறுவடை மெஷின் இறங்கினால் திரும்ப இடமில்லை, பக்கத்து வயல்காரன் அறுத்து முடிக்கிறவரை முற்றிய கதிர் காத்திருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் சராசரியாக ஒருவர் சாகுபடி செய்வதே 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய ஐந்தரை மா (மூன்று மா ஒரு ஏக்கர்) தான். அதற்கு மேலும் துண்டு போட்டால் மிஞ்சுவது வரப்புதான்.

அதனால் எங்கள் அப்பா பங்கான பத்து மாவை நாங்கள் தரையில் பிரிக்கவில்லை. நான், தம்பி, தங்கை மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. சாகுபடி நான் பார்க்கிறேன். செலவு போக வருவதை மூன்றாகப் பங்கிட்டு, கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். யாராவது ஒருவர் விலக நினைத்தால் மற்ற இருவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம்.

தங்கை பெயரைச் சேர்த்ததற்குச் சொந்தக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். சீர் செய்தாயிற்றே, நகை போட்டாயிற்றே என்ற பழைய பேச்சு. நம் மாநிலத்தில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அதை நாடு முழுக்க, கல்யாணமானவர்கள் உட்பட, இந்துக் குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் ஆக்கியது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டத்தை விடு. எங்கள் வயலில் வடகிழக்கு மூலை உவர், அங்கே விதை கூடுதலாக விட வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகப்படுத்துகிறவள் அவள்தான். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால், ஈரம் காலில் ஒட்டுகிற பதத்தில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிக்க வேண்டும். ஒரு நாள் முந்தினால் அழுகும், பிந்தினால் முளைக்காது. அந்தப் பதத்தை அப்பாவிடம் சரியாகக் கற்றுக்கொண்டது அவள் ஒருத்திதான். அவளை ஒதுக்கி எப்படிப் பிரிப்பது?

உன் மகளும் அப்படித்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் வரப்பிலேயே திரிந்த பெண். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன் கடிதத்தில் மகன் சொன்னது மட்டும்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வயலை வாங்க வருகிறவன் நெல் போட வாங்க மாட்டான். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் எண்ணெய்க் கிணறு, தோல் தொழிற்சாலை மாதிரியானவற்றைத்தான் தடுக்கிறது. மனை போடுவது அந்தப் பட்டியலில் இல்லை. உன் வயல் வாய்க்காலை ஒட்டியது. அங்கே செம்மண் அடித்து மேடாக்கினால் கீழே இருக்கிற எட்டுப் பத்துக் குடும்பத்துக்குத் தண்ணீரும் வராது, மழைத் தண்ணீர் வடியவும் செய்யாது. அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

பிள்ளைகள் உழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குத்தகைக்கு விடலாம், நம்பகமான ஆள் இருக்கிறார், நானே பேசி முடிக்கிறேன். எல்லைக்கல் எது, எந்த மடையில் தண்ணீர் பாயும், யார் முறைக்குப் பின் நம் முறை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்திரத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது. நீ நடந்து காட்டினால்தான் உண்டு.

தை அறுப்புக்குள் கிளம்பி வா, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பட்டா இன்னும் உங்கள் தாத்தா பெயரில்தானே இருக்கிறது? வாரிசுச் சான்று, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், 80-களில் நிலப் பதிவேட்டைப் புதுப்பித்தபோது கொடுத்த யு.டி.ஆர். பட்டா மூன்றையும் எடுத்து வா. வில்லங்கத்தை நான் இங்கே போட்டுப் பார்த்து வைக்கிறேன். அளக்க மனுக் கொடுத்தால் சர்வேயர் வர நாளாகும், அதனால் உன் சம்மதத்தை உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்