எகிப்து கடிதக் காப்பகங்களுக்கு: அலி சுவேஃபியைத் தேட ஒரு வழி பண்ணுங்க

காப்பகத்துல வேலை பாக்குற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

எகிப்துல அகழாய்வு பண்ணின பெட்ரி, கார்ட்டர், பழைய எகிப்து மொழி அறிஞர் கார்டினர் மாதிரி ஆளுங்களோட கடிதம், டைரி எல்லாம் செல்லரிச்சுப் போகாம பாத்துக்கிட்டு, நிறைய ஸ்கேன் பண்ணி யார் வேணா பாக்கலாம்னு திறந்தும் விட்டிருக்கீங்க, அதுக்கு முதல்ல ஒரு பெரிய கும்பிடு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் போன்ல அந்தப் பக்கங்களை ஜூம் பண்ணிப் பாக்குறது எனக்குப் பழக்கமாவே ஆயிடுச்சு (சிலரோட கையெழுத்துக்கு பழைய எகிப்து பட எழுத்தான ஹைரோகிளிஃபே தேவலாம்).

குறை ஒண்ணே ஒண்ணுதான். கடிதப் பட்டியல்கள்ல பாத்தா எழுதினவர் யாரு, யாருக்கு, என்ன தேதின்னு இருக்கு, ஆனா கடிதத்துக்குள்ள வர்ற எகிப்துக்காரங்க பேரைப் போட்டுத் தேடினா பெரும்பாலும் சிக்க மாட்டேங்குது.

பழைய எகிப்து ராஜா துட்டன்காமனோட கல்லறை கண்ணுல பட்ட 1922 நவம்பர் 4, கார்ட்டர் டைரியை எடுத்துக்கோங்க. கல்லறையோட முதல் படிகள் கிடைச்சதுன்னு ஒரே ஒரு வரி, அந்தப் பக்கத்துக்குக் குறுக்க கிறுக்கியிருப்பார். யார் மண்வெட்டி தட்டுச்சு, யார் முதல்ல கூப்பிட்டாங்க, மூச்சே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு தோண்டப் பணம் போட்ட, இங்கிலாந்துல இருக்குற கார்னர்வான் பிரபுவுக்குத் தந்தி பறக்குது. அப்புறமா எழுதின புத்தகத்துல அகமது குர்கர், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீதுன்னு நாலு ரயிஸுக்கு பேர் சொல்லி நன்றி போட்டார், அது நல்ல விஷயம். ரயிஸ்னா நம்ம ஊர் மேஸ்திரி மாதிரி, ஆளைச் சேக்குறது, வேலை வாங்குறது எல்லாம் அவர் பொறுப்பு.

பெட்ரி இன்னும் சுவாரஸ்யம். களத்துல இருந்து அவர் எழுதின ஜர்னல், வீட்டுக்கும் நண்பர்களுக்கும் சுத்துக்கு விட்ட கடிதம் மாதிரிதான். பொருள் கிடைச்சா வியாபாரிகிட்ட போகாம தன்கிட்ட வரணும்னு கூலிக்கு மேல பக்‌ஷீஷ் குடுப்பார், அதனால எந்த ஆளுக்கு எதுக்குக் காசுன்னு எழுதி வைக்க வேண்டிய கட்டாயம். கணக்கு நோட்டுதான், ஆனா அதுலதான் பேர் இருக்கு. தோண்டுறவங்கள்ல அவர் ரொம்ப நம்புன ஆளு, லாஹூன் ஊர்க்காரர் அலி சுவேஃபி. 1893-94ல தெற்கு எகிப்துல இருக்குற குஃப்த் ஊர்ல தோண்டினப்போ பழகின ஊர்க்காரங்க அதுக்கப்புறம் பல அகழாய்வுகளுக்கும் போய், கடைசில ‘குஃப்தி’ன்னாலே தேர்ந்த தோண்டுறவர்னு அர்த்தம் ஆயிடுச்சு.

பேரை விடுங்க, ஒரு கடிதத்தால கதையே மாறும். கார்ட்டர் தந்த ஒரு தாயத்தை கார்டினர் கெய்ரோ மியூசியத்துல இருந்த எங்கல்பாக்கிட்ட காட்ட, அவர் பாத்துட்டு இது துட்டன்காமன் கல்லறையில இருந்து திருடினதுதான்னு சொல்லிட்டார், கார்டினர் 1934ல மனசு நொந்து கார்ட்டருக்கே கடிதம் போட்டார். அது தனியார் கையில கிடந்து 2022லதான் வெளிய வந்துச்சு. பொதுவா திருட்டுன்னா முதல்ல யார் மேல பேர் விழும்னு உங்களுக்கே தெரியும், மண் சுமந்தவங்க மேலதான்.

அதனால கேக்குறது இவ்வளவுதான். கடிதத்துல வர்ற ரயிஸ், சமையல்காரர், படகுக்காரர், தண்ணி தூக்கின பையன், யார் பேர் வந்தாலும் பட்டியல்ல ஏத்துங்க. சுவேஃபி பேரையே ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங்ல எழுதியிருக்காங்க, அதெல்லாம் ஒண்ணா சேத்து, அரபில டைப் பண்ணினாலும் வர்ற மாதிரி செய்யுங்க, லாஹூன்லயும் குஃப்த்லயும் இருக்குற பேரப்பிள்ளைங்க தாத்தா பேரை அரபிலதான் தேடுவாங்க. பேர் இல்லாம ‘ஒரு பையன்’னு மட்டும் இருந்தா அதையும் அப்படியே போடுங்க. ஆள் பத்தலைன்னா சொல்லுங்க, ராத்திரி உக்காந்து படிச்சு டைப் பண்ணித் தர நான் ரெடி.

இப்படிக்கு,
உங்க ஸ்கேன் பக்கங்களோட ராத்திரி வாசகன்