குளிக்கும் துறைகளில் உடை மாற்றும் அறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், நாலு பெண்கள் சேலையைத் திரையாகப் பிடித்து நிற்க ஐந்தாமவர் நடுவில் உடை மாற்றுவதை அருவிக்கரையில் பார்க்கலாம். "பொது இடத்தில் இப்படியா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. மார்புக்கு மேல் பாவாடை கட்டிப் பெண்களும், இடுப்பில் துண்டோடு ஆண்களும் ஆற்றிலும் குளத்திலும் குளித்து வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. அதை யாரும் அசிங்கம் என்று நினைத்ததில்லை. துறைப் பக்கம் போக நேர்ந்த ஆண்கள் தொண்டையைச் செருமிவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி கடந்து போவார்கள். அந்த நாகரிகம்தான் அன்று சுவராக இருந்தது.

கைபேசி வந்தபின் அது போதவில்லை. 2024 டிசம்பரில் இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில், தனியார் நடத்திய உடை மாற்றும் அறையிலேயே ரகசிய கேமரா பிடிபட்டது. ஈரத்துணியோடு நிற்கும் பெண் காசு கொடுத்து நுழையும் இடம் அது! ஆகவே இந்த அறைகளை உள்ளாட்சி அமைப்புகளே கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்ட வேண்டும்.

தார்ப்பாயும் ஃபைபர் ஷீட்டும் சுவருக்கு ஆகாது. உள்ளே விளக்கு எரிந்தால் உருவம் நிழலாக வெளியே தெரியும். செங்கல் சுவர் ஏழடிக்குக் குறையாமல் எழும்ப வேண்டும். அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பும் தரையிலிருந்து கூரை வரை போக வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று கீழே அரையடி விடுவதுதான் வழக்கமான தவறு. கைபேசி நுழைய அந்த இடைவெளி தாராளம். தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து, மூலையில் சல்லடை மூடிய வடிகால் வைத்தால் தண்ணீர் தானே போய்விடும். வெளிச்சத்துக்குக் கூரையில் மங்கலான கண்ணாடி ஓடு. உள்ளே பிளக், சுவிட்ச் பெட்டி, பொய்க்கூரை, மரப்பலகை எதுவும் கூடாது, கேமரா ஒளிவது அங்கேதான். சுவர் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தால் ஊசித்துளைகூடக் கண்ணில் படும். தாழ்ப்பாள் துருப்பிடிக்காத எவர்சில்வரில் இருக்கட்டும். இரும்புத் தாழ்ப்பாள் ஈரத்தில் துருவேறி, சீக்கிரமே கதவைக் கையால் பிடித்துக்கொண்டு உடை மாற்றும் நிலை வந்துவிடும். கதவுக்கு எதிரே ஒரு மறைப்புச் சுவரும் வேண்டும்.

ஆண்களுக்கும் இது வேண்டும். 'ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன வெட்கம்' என்று பத்து வயதுப் பையனை எல்லார் முன்னும் அம்மணமாக நிறுத்துவது அவன் மானத்தை மதிக்காத செயல்.

சட்டம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி, பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, மறுபடி செய்தால் மூன்று முதல் ஏழாண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு ஆண், பெண் இருவரையும் காக்கிறது. உள்ளாடையால் மறைத்த உறுப்பைப் படமெடுத்தாலும் அது பொருந்தும். 'பொது இடத்தில்தானே எடுத்தேன்' என்பது அங்கே எடுபடாது.

அறைக்குள் சந்தேகம் வந்தால், விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சைக் கண்ணருகே பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லென்ஸ் சிறு புள்ளியாக மின்னும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று, அதில் விரலை வைத்துப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். கண்ணாடிக்குக் கண்ணாடி அது மாறும். கேமரா கிடைத்தால் பிடுங்க வேண்டாம், மெமரி கார்டையும் தொட வேண்டாம். கைரேகையும் பதிவும்தான் வழக்குக்குச் சாட்சி. இருக்கும் இடத்தோடு படமெடுத்துக்கொண்டு, வேறு யாரையும் உள்ளே விடாமல் 112-ஐ அழையுங்கள். படம் ஏற்கெனவே இணையத்தில் பரவியிருந்தால் cybercrime.gov.in என்ற அரசு இணையதளத்தில் புகார் செய்யுங்கள், உதவிக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அறை கட்டிய பிறகும், தினமும் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு பெண் பணியாளர் டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்து, பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேடு வாசலிலேயே, வருகிறவர்கள் புரட்டிப் பார்க்கும்படி தொங்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
தென்காசி.