தப்பு மேளம் காய்ச்ச ஓரிடம் கேட்டு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த வருட இசை விழாவுக்கான உங்கள் அறிவித்தல் போன கிழமை கைக்குக் கிடைத்தது. கிராமிய இசையும் நவீன இசையும் கலக்கும் மேடை என்றே இந்த முறையும் எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு வரி இருக்கிறது. நெருப்பில் காய்ச்ச வேண்டிய வாத்தியங்களுக்கு மண்டபத்திலும் வளாகத்திலும் அனுமதி இல்லையாம். அந்த ஒலி தேவைப்படுகிறவர்கள், தட்டினால் பதிவான ஒலி தரும் மின்னணு பேட் கொண்டுவரலாமாம். யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கடந்த விழாவுக்கு நெருப்பு தேவைப்படும் வாத்தியத்தோடு, அதாவது பறையின் உடன்பிறப்பான தப்பு என்ற தோல் மேளத்தோடு, வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

மண்டபத்துக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்தீர்கள். வாகனத் தரிப்பிடத்தில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, ஆகவே அதை மட்டும் சொல்கிறேன்.

என்னோடு வாசிக்க வந்த தப்புக் கலைஞர்கள் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து விடியமுன் பஸ் ஏறியவர்கள். கொழும்பில் அன்று மழை. கடற்காற்றும் மழையும் சேர்ந்தால் மாட்டுத்தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் பலகையில் தட்டின சத்தம்தான் வரும். அதற்கு இருக்கும் வழி ஒன்றே. காய்ந்த சருகோ வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி, தப்பின் முகத்தை அனலில் காட்டி, திருப்பித் திருப்பிப் பிடித்து, இடையிடையே விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். சுதி ஏறுவது காதுக்குத் தெரியும். கொஞ்சம் கூடினால் தோல் கருகும், குறைந்தால் பயனில்லை. எந்தக் கணத்தில் எடுக்க வேண்டும் என்பதைக் கைதான் சொல்லும். அந்தக் கை உருவாக வருடங்கள் எடுக்கும்.

மேடைக்குப் பின்புறம் கேட்டோம், இல்லை என்றார்கள். வெளி முற்றம் கேட்டோம், அதிதிகள் வரும் வழி என்றார்கள். கடைசியில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், கூரை இல்லாத ஒரு மூலையைக் காட்டினார்கள். அங்கே ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் பேப்பர் கொளுத்த, வாத்தியார் தப்பைக் காய்ச்சத் தொடங்கினார். அறுபது தாண்டிய மனிதர். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அடி சொல்லிக்கொடுத்தவர். பாதியில் செக்குரிட்டித் தம்பி ஓடிவந்து, மேலிடத்து உத்தரவு என்று சொல்லி, வாளித் தண்ணீரை நெருப்பில் ஊற்றிவிட்டார். தண்ணீர் தப்பின் மேலும் பட்டது. அந்தத் தம்பியில் பிழை சொல்ல மாட்டேன், அவருக்கு அது சம்பளம். வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. சேர்ட்டைக் கழற்றித் தோலைத் துடைத்தார்.

நனைந்த தோலோடுதான் மேடை ஏறினோம். நீங்கள் கேட்டது அந்த ஒலியைத்தான். வெளியே போகும்போது உங்களில் ஒருவர், "நல்லாத்தான் அடிச்சாங்க, ஆனா சத்தம் எடுபடவில்லை" என்று சொன்னாராம்.

அதற்குச் சற்று முன்புதான், அதே மேடையில், ஐந்து அதிதிகள் குத்துவிளக்கின் ஐந்து திரிகளையும் ஏற்றினார்கள். பட்டுச்சேலைத் திரைக்கு மிக அருகில். அது என்ன, குளிர்ந்த நெருப்பா?

நான் சிறு வயதிலிருந்து தாள வாத்தியம் வாசிப்பவன். டிரம்ஸ், கஹோன், தர்புக்கா என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டுகிறேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்குத் தாளத்துக்குப் பஞ்சமில்லை. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் புறப்படும்போது தவில். ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் என்றால் பாண்ட் வாத்தியம். கல்யாண வீட்டில் விடியும்வரை பைலா ஆட்டப்பாட்டு. அந்த ஆறெட்டு நடை என் காலில் ஏறியது பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே. பிறகு ஒருநாள் சக்தி குழுவின் கசெட் ஒன்று கைக்கு வந்தது. 1970களின் நடுவில் ஜோன் மெக்லாஃப்லின் கிட்டாரோடும், எல். சங்கர் வயலினோடும், சாகிர் ஹுசேன் தபேலாவோடும், விக்கு விநாயக்ராம் கடத்தோடும் சேர்ந்து வாசித்த இசை. மற்றவர்களுக்கு அதில் கிட்டார் பெரிதாகக் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்டது பானை.

காரணம் இருக்கிறது. கர்நாடகக் கச்சேரியில் கடம் இரண்டாம் வரிசை வாத்தியம். மிருதங்கத்துக்குப் பின்னால்தான் அதற்கு இடம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்திலும் மிருதங்கம் விட்டுக்கொடுக்கும் நேரம்தான் அதற்கு. சக்தி மேடையில் அதே மண்பானை தபேலாவுக்குச் சரிசமமாக, முன்னால் வந்து உட்கார்ந்தது. தபேலா கேட்கும், கடம் பதில் சொல்லும். கிட்டார் பொறுமையாக இருந்து கேட்கும். கலப்பிசை என்றால் எனக்கு இன்றைக்கும் இதுதான். பின்னால் இருந்ததை முன்னால் கூப்பிட்டு, அது பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு பிறகு அதே குழுவில் சேர்ந்தார்; 2024இல் அவர்களுடைய தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது. அந்த வருட டிசம்பரில் சாகிர் ஹுசேன் போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்க நான் வேறொன்றும் கேட்கவில்லை.

டெல்லியின் இந்தியன் ஓஷன் குழுவையும் சொல்ல வேண்டும். அசீம் சக்ரவர்த்தி சம்மணமிட்டு உட்கார்ந்து தபேலா வாசித்தபடியே பாடுவார். நர்மதை ஆற்றங்கரை நாட்டுப்பாட்டை எடுத்தார்கள், கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் பழைய சுரியானி ஜெபத்தை எடுத்தார்கள்; இரண்டுக்கும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் வைத்தார்கள். ஆனால் டிரம்ஸ் ஒருபோதும் தபேலாவின் மேல் ஏறி உட்காராது. 2009இல் அசீம் இறந்த பிறகு பழைய பதிவுகளை மறுபடி கேட்டபோதுதான், அந்த டிரம்ஸ் எத்தனை இடங்களில் வாசிக்காமல் விடுகிறது என்று கவனித்தேன். எனக்கு வாசிக்கச் சொல்லித்தந்தவர்கள் பலர். எங்கே கையை எடுக்க வேண்டும் என்று சொல்லித்தந்தது அந்தப் பதிவுகள்தான்.

பெங்களூரில் ரகு தீட்சித் 19ஆம் நூற்றாண்டின் கன்னடக் கவிஞர் சிசுநாள ஷெரீஃபின் பாடல்களைக் கிட்டாரோடு பாடுகிறார். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராப்பையும் ஒன்றாக முன்னுக்குக் கொண்டுவந்தது. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அக்கரையில் பறைக்கு விருது. இக்கரையில் அதன் உடன்பிறப்புக்கு வாளித் தண்ணீர்.

உங்கள் விழாவுக்கு இந்தியாவிலிருந்து குழுக்களை அழைப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான்; அவர்கள் வந்தால் முதல் டிக்கெட் எனக்குத்தான் வேண்டும். அவர்களுக்கு நட்சத்திர ஹோட்டலும் சவுண்ட் செக்குக்கு ஒரு முழு மதியமும் கொடுத்தீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அன்று வந்த இந்தியக் குழு, ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடி 2021இல் உலகமெல்லாம் போன 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எடுத்தபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது, ஞாபகம் இருக்கிறதா? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் எங்கள் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டன. அந்த மலையிலிருந்து போனவர்களின் ஒப்பாரிக்கு உள்ளே கைதட்டல். அதே மலையில் மிஞ்சியிருந்தவர்களின் தப்பு வெளியே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டிருந்தது. 2023இல், மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு வருடம் என்று, மலையகம் 200 எனப் மேடைமேடையாகப் பேசினோமே, அந்தப் பேச்சாளர்களில் சிலர் உங்கள் குழுவிலும் இருக்கிறார்கள்.

பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்ள ஆசைதான். மிருதங்க வித்துவான் மேடையிலேயே மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவை பூசுகிறார், கல்லும் கட்டையும் கொண்டு சுதி சேர்க்கிறார். மண்டபமே அமைதியாகக் காத்திருக்கிறது. கம்பளத்தில் ரவை கொட்டினால் யாரும் விதி எழுதுவதில்லை. கஞ்சிராவுக்கு உட்பக்கம் தண்ணீர் தடவ வேண்டும். மேடையில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. தபேலாவுக்குச் சுத்தியல். அவுருது என்கிற சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கொழும்பின் பெரிய ஹோட்டல் முற்றங்களில் பெண்கள் சுற்றியிருந்து பெரிய ரபான் மேளம் அடிக்கிறார்களே, அதன் கீழே தணல் வைத்துத்தான் தோலை ஏற்றுகிறார்கள். அதை வெளிநாட்டவர் படம் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு தோலுக்கும் ஒவ்வொரு பராமரிப்பு. அதில் நெருப்பு மட்டும், அதுவும் தப்புக்குக் கீழே இருக்கும் நெருப்பு மட்டும், ஏன் உங்களைச் சுடுகிறது?

உங்கள் குழுவில் ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன்: "தம்பி, அது சாவு வீட்டு மேளம், மங்களகரமான மேடை இது." ஐயா, தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, ஆட்களை எழுப்பியதும் அதே தப்புதான். மாசியில் காமன் கூத்துக்கு ரதியும் மன்மதனும் ஆடுவதும் அதே தப்புக்குத்தான். கல்யாணத்துக்கும் அதுதான், திருவிழாவுக்கும் அதுதான். சாவு வீட்டுக்கும் அதுதான், இல்லை என்று சொல்லவில்லை. நாதஸ்வரத்தையும் பாண்டையும் நாங்கள் சாவு வீட்டில் கேட்டதே இல்லையா? விதியில் இருக்கும் காரணம் நெருப்பு. மனதில் இருக்கும் காரணம் நெருப்புத்தானா என்பதை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட் பற்றி. பேட்டை நான் வெறுப்பவன் அல்ல. கல்யாண ஓடர்களில் என் அரிசிச் செலவை அதுதான் பார்த்துக்கொள்கிறது. அதற்குள் பறை என்று பெயரிட்ட ஒரு சத்தமும் இருக்கிறது. எத்தனை தடவை தட்டினாலும் அதே சத்தம். தப்பில் ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறுகையில் கட்டையான தடித்த குச்சி. ஒன்று சுண்டும், ஒன்று அடிக்கும். நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று. பஞ்சாபின் டோலிலும் இதே முறைதான், கனத்த வளைந்த கம்பு ஒரு பக்கம், மெல்லிய குச்சி மறுபக்கம். அந்த டோலை இங்கிலாந்தில் எலெக்ட்ரோனிக் இசையோடு கலந்து உலகமே ஆடிவிட்டது. அங்கேயும் மேடையில் டோல்காரர் டோலோடுதான் நிற்கிறார். பிளாஸ்டிக் முகம் போட்ட தப்பு இருக்கிறதே என்றும் சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது, ஒத்திகைக்கு உதவும், மழைக்கு நல்லது. வாத்தியாரிடம் அதைக் கொடுத்து வாசியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது சிறிய விஷயம். தப்பு காய்ச்ச ஓரிடம் ஒதுக்குங்கள். மண்டபத்துக்குள் வேண்டாம், மேடைக்குப் பின்னாலும் வேண்டாம். திறந்த வெளியில், மேலே ஒரு தகரக் கூரை, கீழே பாதியாக வெட்டிய ஒரு பீப்பாய், பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு தீயணைப்புக் கருவியும். செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்கள் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். குளிர் காயலாம், தேநீரும் தருவோம். புகை உள்ளே வருமென்று பயமிருந்தால், அன்று இந்தியக் குழுவுக்காக மேடையில் புகை இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

அந்த இடத்திலிருந்து மேடைக்கு நேராக வர ஒரு வழியும் வேண்டும். காய்ச்சிய தப்பு மழைக்காற்றில் காத்திருந்தால் மறுபடி இறங்கிவிடும். எங்கள் முறைக்குச் சற்று முன்னர் காய்ச்ச விடுங்கள். நிகழ்ச்சி நிரலில் மற்றவர்களுக்குப் போட்டதுபோல அவர்களுடைய பெயர்களையும் போடுங்கள். "தப்புக் குழு" என்று பிறந்தவர் ஒருவரும் இல்லை.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர் அந்த ஒரு வரியை நீக்கி, திருத்திய விதிமுறையை வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு லீவு எடுப்பது இலேசான காரியமில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் பேர் விழாது, சம்பளம் போய்விடும். ஆகவே ஆம் என்றாலும் இல்லை என்றாலும் நேரத்தோடு சொல்லிவிடுங்கள். ஆம் என்றால் பீப்பாயை எந்த வாசலால் கொண்டுவருவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாள வாத்தியக்காரன்